விரல்களுக்கு இடமில்லை

பிப்ரவரி 26, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆலயத்தின் பக்க அறையில் நடந்த கூட்டத்தில் இருந்தவர்கள்: போதகர் ஐசக் ஐயா, சபைச் செயலர், அதாவது என் வீட்டுக்காரர், பொருளாளர் கனகமணி சார், கல்யாண வீடியோ எடுக்கிற ரூபன், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் நான். வேறு யாரும் இல்லை. எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கும். இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்றால், பேசப்பட்டது காது கேளாதவர்களின் காரியம்.

ஆறு வருஷம் எங்கள் சபையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காது கேளாதோருக்கென்று தனி ஆராதனை நடந்தது. நடத்தியவர் எலியேசர் அண்ணன். அவருக்கும் பிறவியிலேயே கேட்காது. வெல்டிங் பட்டறையில் வேலை. அப்போதைய போதகர் தவமணி ஐயா அன்றைக்குரிய பிரசங்கத்தைத் தாளில் எழுதி, ஒரு பிரதியை அண்ணனுக்கும் ஒன்றை எனக்கும் கொடுத்துவிட்டுப் பெரிய ஆராதனைக்குப் போய்விடுவார். அண்ணன் கேமரா முன்னால் நின்று கைகளால் பேசுவார். நான் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே தாளைச் சத்தமாக வாசிப்பேன். பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய் தகப்பனுக்கும் விளங்க வேண்டும் என்று அந்த ஏற்பாடு.

அண்ணன் போன அட்வெந்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த ஆராதனைகளைப் பதிந்த கேசட்டுகளை ரூபன் தன் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியிருக்கிறான். ஏற்றி முடித்ததும் பழைய கேமராவும் உயிரை விட்டது. கேசட்டுகளில் பூஞ்சை. ஆகவே மிச்சம் இருப்பது அந்த டிஸ்க் ஒன்றுதான்.

ஈஸ்டர் அன்று தவமணி ஐயா வருகிறார். குருப்பட்டம் பெற்று ஐம்பது வருஷம். அவருடைய பிரசங்கங்களைப் பென் டிரைவில் போட்டு வெளியிடுவதாகத் தீர்மானம். எல்லாம் ஒரே பென் டிரைவில் அடங்கும்படி ரூபன் சுருக்கித் தர வேண்டும்.

ரூபன் சொன்னான்: "லெந்து நாள்ல, ஈஸ்டர் வரைக்கும், நம்மள்ல கல்யாணம் கெடையாது, அதான் டிஸ்க் சும்மா கெடந்துச்சி. ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள்லருந்து வரிசையா கல்யாணம். அழிச்சிட்டுத்தான் அடுத்தத ஏத்தணும் ஐயா."

"அழிச்சிக்கோப்பா" என்றார் கனகமணி சார்.

மாதிரிக்கு ஒரு கேசட்டைச் சுருக்கிக் கொண்டுவந்திருந்தான். போட்டான். கனகமணி சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். போதகர் ஐயாவும் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். என் வீட்டுக்காரர் டீ எங்கே என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்சிபா அம்மா, உங்க குரல் மணி மாதிரில்லா இருக்கு. ஒரு கரகரப்பு இல்ல" என்றார் சார். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அப்படியே செய்வதென்று தீர்மானம். வெளியீடு ஆகும்வரை டிஸ்க்கில் உள்ளது சபைச் சொத்து, யாரும் பிரதி எடுக்கக் கூடாது என்று இன்னொரு தீர்மானம். எழுதிக் கையெழுத்துப் போட்டது என் வீட்டுக்காரர். மாதிரிக் கேசட்டை மட்டும், மூலமும் சுருக்கமுமாக, பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொடுத்தார்கள்.

மார்ச் 1, புதன்

மாதிரியைக் கெசியாவிடம் காட்டினேன். என் மகள். நான்கு வயதில் காய்ச்சலில் காது போனது. காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் படித்து, இப்போது பஜாரில் ஃபிளெக்ஸ் பேனர் கடையில் கம்ப்யூட்டரில் வேலை. அவளுக்கும் எனக்கும் நடுவில் வீட்டுச் சைகை உண்டு. சாப்பிடு, வா, படு, மாத்திரை, போதும். மற்றதை அவள் செல்போனில் தட்டிக் காட்டுவாள்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு கைகளையும் முஷ்டியாக மூடி என் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். விளங்கவில்லை. தட்டினாள்: "அண்ணனுக்கு விரல் எங்கே? ரெண்டு கொழுக்கட்டை ஆடுது."

நானும் அப்போதுதான் பார்த்தேன். பின்சுவரில் தொங்கும் காலண்டரில் தேதி வாசிக்க முடிகிறது. பூச்சாடியில் ஒவ்வொரு இதழும் தெரிகிறது. அண்ணனுடைய கைகள் மட்டும் கரைத்த மாவு மாதிரி இழுபடுகின்றன.

காது கேளாதவருக்கான படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, நன்றாக இருக்கிறது என்று தீர்மானம் போட்ட சபை எங்கள் சபை.

மார்ச் 3, வெள்ளி

உபவாசம். வயிறு காலியாக இருக்கும்போது கோபப்படக் கூடாது என்று ஜெபித்துவிட்டு ரூபனுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அது கோடெக்கு செய்யுத வேல. நான் என்ன செய்ய?"

கோடெக் என்றால் என்னவென்று கேட்டேன். பையன் பொறுமையாகத்தான் சொன்னான். வீடியோ என்பது அடுக்கடுக்கான படங்கள். அத்தனையையும் அப்படியே வைத்தால் டிஸ்க் தாங்காது. அதனால் அதைச் சுருக்கி எழுதவும், எழுதியதை விரித்துக் காட்டவும் ஒரு முறை வேண்டும். அதுதான் கோடெக். அந்த முறை முந்தின படத்தில் இருந்து மாறாததைத் திரும்ப எழுதாது, மாறியதை மட்டும் எழுதும்.

"அப்ப ஆடாம நிக்குத செவுரு..."

"செவுரு லாபம்க்கா. ஒரு தடவ எழுதுனா போதும். ஆடுததுதான் செலவு. எடம் பத்தலைன்னா அதுலதான் கை வைக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேசுகிறவன் கை ஆடாமல் எப்படிப் பேசுவான்? சுவருக்கு மரியாதை, விரலுக்கு வெட்டு.

"போதாததுக்கு ஒரு செகண்டுக்கு பதினஞ்சு படமாக் கொறச்சிருக்கேன். பிரசங்கம்தான, டான்ஸா ஆடப்போறாங்கன்னு..." என்று இழுத்தான். போனை வைத்துவிட்டேன். உபவாச நாளில் அதற்கு மேல் பேசினால் பாவம்.

மார்ச் 6, திங்கள்

வத்தல் காயப்போட்டது. தண்ணீர் வரவில்லை.

மார்ச் 9, வியாழன்

கெசியாவின் மடிக்கணினியில் இலவசமாகக் கிடைக்கும் சுருக்குகிற மென்பொருள் ஒன்றை இறக்கினோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வீட்டுக் கணக்கை ஒரு நாள் விடாமல் எழுதுகிறவள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்கிற அறிவு அதில் வந்ததுதான்.

அண்ணன் வேகமாகக் கை அசைக்கிற ஒரு சின்னத் துண்டை எடுத்து, பழைய முறை எச்.264, புதிய முறை எச்.265, இரண்டிலும் ஒரே அளவில் போட்டேன். கெசியா ஒவ்வொன்றையும் பார்த்து எத்தனை விரல் நீட்டுகிறார் என்று சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். பழையதில் நான்கா மூன்றா என்று தடுமாறினாள். புதியதில் தடுமாறவில்லை. அதே இடத்தில் புதியது எவ்வளவோ கூடுதலாக அடக்குகிறது.

ரூபன் ஏன் இதைப் போடவில்லை என்று மறுபடி கோபம் வந்தது. சோம்பல். வேறென்ன.

மார்ச் 12, ஞாயிறு

இரண்டாம் ஞாயிறு. அண்ணன் போன பிறகு தனி ஆராதனை கிடையாது. அவர்கள் எல்லாரும் பெரிய ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போதகருடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மின்விசிறி அவருடைய அங்கியை ஆட்டும்போது அதையும் பார்க்கிறார்கள்.

ஆராதனை முடிந்ததும் புதிய முறையில் போட்ட துண்டை அவர்களுடைய செல்போன்களுக்குப் பெருமையாக அனுப்பினேன். ஒருவருடையதில் கறுப்புத் திரை. இன்னொருவருடையதில் படம் நின்று நின்று ஓடியது. நான்கைந்து பேருக்குத் திறக்கவே இல்லை. எல்லாம் அக்கா தங்கை கழித்துக் கொடுத்த பழைய போன்கள். ஒரு பெரியவர் எனக்கு வருத்தமாக இருக்கக் கூடாதென்று கறுப்புத் திரையைப் பார்த்துத் தலையாட்டி, நன்றாக இருக்கிறது என்று கட்டை விரலைக் காட்டினார்.

அந்தக் கட்டை விரல் சாப்பாட்டு நேரம் வரை மனதை விட்டுப் போகவில்லை.

மார்ச் 15, புதன்

ரூபன் தானாகவே வீட்டுக்கு வந்தான். சுக்குக் காப்பி கொடுத்தேன்.

"அதான்க்கா நான் பழசுலயே போட்டேன். டிவி பின்னால சொருகுனாலும் ஓடணும்லா. நீங்க என்னையச் சோம்பேறின்னு நெனச்சிருப்பீங்க."

"நெனச்சேன்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

சிரித்துவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான். பழைய முறையிலேயே இருக்கட்டும், இடத்தைக் கூட்டிக் கொடுத்தால் விரல் தெரியும் என்றான். இடத்துக்கு எங்கே போவது என்றேன். ஒரு செகண்டுக்குப் படத்துக்கு இவ்வளவு, சத்தத்துக்கு இவ்வளவு என்று அவன் போட்டிருந்த கணக்கைக் காட்டினான். இரண்டும் ஏறக்குறைய சமம்.

"சத்தத்துக்கு எதுக்கு இவ்வளவு?"

"கனகமணி சார் சொன்னாங்க. ஐயா பிரசங்கம், ஒரு சொல்லு கொழறக் கூடாது, சத்தத்துல கை வைக்காதன்னு. உங்க குரல்தான்க்கா பாதி எடத்தப் பிடிச்சிக்கிட்டிருக்கு."

அடுப்பில் வேலை இருந்தது. எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 16, வியாழன்

பால் திரிந்துவிட்டது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 18, சனி

சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டேன். ஓரத்தில் காலண்டர், பூச்சாடி, ஜன்னல் எல்லாவற்றையும் வெட்டி அண்ணன் மட்டும் நிற்கும்படி செய்தேன். மூலத்தில் உள்ள அசைவு முழுவதையும், ஒரு படமும் குறையாமல் வைத்தேன். முறை பழையதுதான். பழைய செல்போனில் போட்டுப் பார்த்தேன். ஓடியது. ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. நகத்துக்குள் பட்டறைக் கரி கூடத் தெரிந்தது.

கெசியா முழுக் கேசட்டையும் உட்கார்ந்து பார்த்தாள். பாதியில் சிரிக்க ஆரம்பித்தாள். நான் தாளைத் தேடி எடுத்தேன். தவமணி ஐயா எழுதிய அந்த ஞாயிறின் பிரசங்கம்: பொறுமையைப் பற்றியது. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தட்டினாள்: "அம்மா, நிஜமாவே உனக்குத் தெரியாதா? அண்ணன் ஒரு நாளும் அந்தத் தாளைப் பேசினது இல்ல."

நிறுத்தி நிறுத்தி எனக்குச் சொன்னாள். நான் பொறுமையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் பஸ் பாஸ் புதுப்பிக்க எந்த அலுவலகத்தில் எந்த ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாயை அசைத்தால் தலையாட்டாதீர்கள், பேப்பரை நீட்டி எழுதச் சொல்லுங்கள் என்கிறார். ஒரு பெண்ணைப் பேர் சொல்லி, அவள் புருஷன் அடிக்கிறான், இந்த வாரம் முறை போட்டு எல்லாரும் அவள் வீட்டுக்குப் போய்வாருங்கள் என்கிறார்.

கடைசியில் ஜெபம். அதை இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். "கண்ணை மூடாதீங்க. கண்ணை மூடுறது கேக்குறவங்க வழக்கம். ஆண்டவருக்கு நம்ம ஜெபம் தெரியணும்னா கை வெளிச்சத்துல இருக்கணும். ஜன்னல் பக்கம் திரும்புங்க." எல்லாரும் திரும்பியிருப்பார்கள். நான் தாளின் கடைசி வரியில் ஆமென் சொல்லிவிட்டு, தவமணி ஐயா கற்பித்தபடி கண்ணை மூடியிருப்பேன்.

மார்ச் 20, திங்கள்

 எலியேசர் அண்ணன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆறு வருஷம். தேவ வசனத்தை விளக்கி ஒரு போதகர் எழுதிக் கொடுக்க, ஆலயத்துக்குள் நின்று பஸ் பாஸா பேசுவது? நான் தொண்டை வறள வாசித்தது யாருக்கு? சுவருக்கா?

கெசியாவிடம் கேட்டேன். போனை வாங்கி நான்தான் தட்டினேன்: "இது சரியா?"

அவள் பதில்: "ஐயா எழுதினது கேட்கிறவங்களுக்கு. அது உன் வாய்ல ஓடிட்டுதான் இருந்துச்சு. எங்களுக்கு மாசத்துல ஒரு மணி நேரம். அதுல யாராவது எங்களுக்கு எதையாவது சொல்லணுமே."

பிறகு ஒரு இடத்துக்கு ஓட்டிப் போய் நிறுத்தினாள். அண்ணன் கேமராவுக்கு இடது பக்கம், அதாவது நான் உட்கார்ந்திருந்த பக்கம், கையைக் காட்டுகிறார். முன்னால் இருப்பவர்கள் சிரித்திருக்க வேண்டும், அவரும் சிரிக்கிறார். என்ன என்றேன். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத் தட்டினாள்: "இந்த அம்மா நல்லா வாசிப்பாங்களாம். ஒரு நாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா வாசிக்கிறத நிறுத்திருவாங்க."

இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். உளுந்து பழையது, கொஞ்சம் கூடப் போட வேண்டியிருந்தது.

மார்ச் 24, வெள்ளி

உபவாசம். கெசியா எனக்குச் சைகை சொல்லிக்கொடுக்கிறாள். 'ஜன்னல்' வந்துவிட்டது. 'புதுப்பிக்க' வரவில்லை. என் விரல்கள் அம்மிக்குழவி மாதிரி இருக்கின்றன என்கிறாள்.

மார்ச் 26, ஞாயிறு

அத்தானிடம், என் வீட்டுக்காரரிடம்தான், எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னேன்.

"யார்ட்டயும் சொல்லிராத" என்றார் முதலில். பிறகு, "தவமணி ஐயா அம்பது வருஷம் ஊழியம் செஞ்ச மனுஷன். அவுக பிரசங்கத்த இவன் ஒரு வார்த்தை பேசல, பஸ்ஸு பாஸு பேசினான்னு தெரிஞ்சா என்ன ஆவும்? பென் டிரைவு கெடையாது, ஒண்ணும் கெடையாது. அன்னைக்கே டிஸ்க்க அழின்னு சொல்லிருவாங்க."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா பென் டிரைவாது வரும்."

"கொழுக்கட்டையா வரும்."

"இந்தா பாரு எப்சி, பாதி கெடைக்கதுக்கு..."

"பாதி இல்ல அத்தான். அந்த மக்களுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. என் சத்தம் மட்டும்தான் இருக்கு. அத அவங்க என்னத்துக்கு வாங்கிட்டுப் போகணும்?"

 அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். டிஸ்க்கை ஒரு பிரதி எடுக்க அனுமதி கொடுங்கள், புது டிஸ்க் நான் வாங்குகிறேன் என்றேன். தீர்மானம் போட்டாயிற்றே என்றார். போட்டவரே அவர்தான்.

மார்ச் 29, புதன்

புது டிஸ்க் வாங்கிவிட்டேன். எதிலிருந்து வாங்கினேன் என்பது வீட்டுக் கணக்கில் இருக்கிறது.

ரூபன் தெருவில் வைத்து மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நான் மத்தியானம் சாப்பிடப் போவேன். கட தெறந்துதான் கெடக்கும். டிஸ்க்கு மேசமேலதான் இருக்கும். நான் ஒண்ணும் பாக்கல."

நல்ல பிள்ளை. ஆனால் முடியாது என்றேன். சபைத் தீர்மானத்தை மீறி எடுத்தால் அதற்குத் திருட்டு என்றுதான் பேர். அண்ணனுடைய கைகளைத் திருடிக் காப்பாற்ற வேண்டிய நிலையில் சபை இருக்கக் கூடாது. கேட்டு வாங்க வேண்டும்.

கெசியாவிடம் சொன்னபோது அவள் கோபம் என் கோபத்தை விடப் பெரிதாக இருந்தது. வேகமாகக் கை ஆட்டினாள், எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்காத பாதியைத் தட்டிக் காட்டினாள்: "நீ பரலோகத்துக்குப் போம்மா. நான் டிஸ்க்கைக் கொண்டுட்டு வாரேன்."

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் கனகமணி சாரைப் பிடித்தேன். விரல் தெரியவில்லை என்பதை மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. ஓலைக் குருத்தை விசிறியாக ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அவ்வளவுதானம்மா. நல்ல யோசனை சொல்லுதேன். படமே வேண்டாம். ஐயாவோட போட்டோ ஒண்ண நிறுத்திருவோம், உங்க குரல் ஓடட்டும். எடமும் மிச்சம், பாக்கவும் லெட்சணமா இருக்கும்."

"அது காது கேக்காத மக்களுக்குல்லா சார்."

"அவுகளுக்குத்தான் ஐயா போட்டோ இருக்கே."

அவர் கெட்டவர் அல்ல. சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் கடைசிப் பந்தி வரை நின்று பரிமாறுகிறவர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்தால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

காலையில் ஜெபம் பண்ணினேன். ஜன்னல் பக்கம் திரும்பி, கண் திறந்தபடி, எனக்கு வருகிற சில சொற்களைக் கையால். வாயால் சொன்னால் பெரிய ஜெபமாக வந்திருக்கும். கையால் மூன்று சொல்தான் வந்தது. அவை போதுமானவையாக இருந்தன.

பிறகு போதகருக்குக் கடிதம் எழுதினேன். அத்தானிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அனுப்பத்தான் போறியா?" என்றார். ஆமாம் என்றேன். "ரெண்டாவது பத்தில ஐயா பேர மரியாதையா எழுது" என்றார். திருத்தினேன். அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். என்னிடம் இருக்க வேண்டிய நகலை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மதிப்பிற்குரிய ஐசக் ஐயா அவர்களுக்கு, எப்சிபா எழுதுவது.

ரூபனிடம் உள்ள டிஸ்க்கில் நீங்கள் கேட்பது தவமணி ஐயாவின் பிரசங்கம், என் குரலில். ஆனால் நாம் கேட்கிறதும் எலியேசர் அண்ணன் கைகளால் பேசுவதும் ஒன்றல்ல. மாதிரிக்கென்று என்னிடம் கொடுத்த ஒரு கேசட்டை மட்டும் என் மகளைக் கொண்டு முழுவதும் பார்த்தேன். மற்றவற்றில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள்.

பெருமதிப்பிற்குரிய தவமணி ஐயாவுக்கு இது மனவருத்தமாக இருக்கலாம். அவருடைய பிரசங்கங்கள் தாளில் பத்திரமாக என்னிடம் உள்ளன, ஒன்றும் தொலையவில்லை. வேண்டுமானால் நான் மறுபடியும் வாசித்துத் தருகிறேன். அண்ணனுடையதை மறுபடி பேச ஆள் இல்லை.

பென் டிரைவை எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள். படமே வேண்டாம் என்றாலும் சரி. நான் கேட்பது ஒன்றுதான். டிஸ்க்கில் உள்ளதைச் சுருக்காமல், வெட்டாமல், இருக்கிறபடியே நான் வாங்கி வைத்திருக்கும் புது டிஸ்க்கில் ஒரு பிரதி எடுக்க அனுமதி வேண்டும். பிறகு எந்த முறையில் எவ்வளவு சுருக்குவது என்பதை, பார்க்கப் போகிறவர்களே உட்கார்ந்து பார்த்துத் தீர்மானிக்கட்டும்.

அனுமதியில்லாமல் நான் எடுக்க மாட்டேன். என் மகள் எடுக்க மாட்டாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவளிடம் பேசித் தடுக்கும் அளவுக்கு எனக்குச் சைகை தெரியாது.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை ரூபன் டிஸ்க்கை அழித்துவிடுவான். பெரிய வெள்ளி ஆராதனை நீளமானது, உங்களுக்கு நேரம் இருக்காது என்று அறிவேன். ஒரு வரி போதும். சனிக்கிழமைக்குள் தயவுசெய்து பதில் தாருங்கள்.